மாதக் கணக்கில் மிச்சம், வருடக் கணக்கில் கடன்

குடும்ப நிதி ஆலோசகர் பதில்

கடிதத்தின் சுருக்கம்: வாசகிக்கு 38 வயது. கணவன், மனைவி இருவருக்கும் சம்பளம். பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், உடன் வசிக்கும் மாமியார். இரண்டு வருடமாகக் கையை இறுக்கிச் செலவு செய்கிறார். இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார், சார்ஜர்களைப் பிடுங்கி வைக்கிறார், தள்ளுபடி வரும்போது மூட்டையாக வாங்குகிறார். தன் சொத்தைப் பல்லை அடைப்பதையும் வண்டியின் பிரேக்கைப் பார்ப்பதையும் தள்ளிப்போட்டிருக்கிறார். மாதாமாதம் டெபாசிட்டில் பணம் போடத் தவறியதில்லை. அப்படியும் ஒரே வருடத்தில் கிரெடிட் கார்டில் கடன் ஏறிவிட்டது. கணவர் "கஞ்சம்" என்கிறார், மூத்த பையன் பேசுவதில்லை. அவர் கேட்பவை: இன்னும் எதைக் குறைக்கலாம்? மருத்துவக் காப்பீட்டை ஒரு வருடம் நிறுத்தி வைக்கலாமா? பழைய ஃப்ரிட்ஜ் கரண்டைக் குடிக்கிறது, வட்டியில்லாத் தவணையில் புதிது வாங்கலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வரவு செலவை வரி வரியாக எழுதி அனுப்பியது பெரிய உதவி. அடையாளம் தெரியாமலிருக்க, உங்கள் இருவரின் மாத வருமானத்தையும் சேர்த்து 100 என்று வைத்துப் பேசுகிறேன். இனி வரும் தொகைகள் எல்லாம் அந்த அளவில்தான்.

நீங்கள் எழுதிய மாதச் செலவு: வீட்டுக் கடன் தவணை 24, சாப்பாடும் மளிகையும் 26, பிள்ளைகள் படிப்பு 12, மின்சாரம், எரிவாயு, தண்ணீர், தொலைபேசி 8, போக்குவரத்து 9, காப்பீடு 4, மருந்து 3, சில்லறைச் செலவு 8. கூட்டினால் 94. மிச்சம் 6. அதில் 3 டெபாசிட்டுக்கு, 3 கார்டுக்கு. கார்டு பாக்கி இன்று 45, டெபாசிட்டில் 90.

இதில் ஊதாரித்தனம் எங்கும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "எவ்வளவு குறைத்தாலும் போதவில்லை, எங்கோ வீணாக்குகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீணாக்கவில்லை. கணக்கில் ஒரு பத்தி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

விடுபட்ட பத்தி

கார்டு பில்களின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். பன்னிரண்டு மாதத்தில் அதில் ஏறியவை: கல்வியாண்டுத் தொடக்கத்தில் புத்தகம், சீருடை, சேர்க்கைக் கட்டணம் 22. வண்டி சர்வீஸும் டயரும் 14. உறவினர் வீட்டு விசேஷங்கள் 20. வீட்டு வரி 6. குழாய், மோட்டார், கதவு என வீட்டுப் பழுது 16. மொத்தம் 78. கடிதத்தில் இவற்றை "எதிர்பாராத செலவுகள்" என்று குறிப்பிடுகிறீர்கள். இவற்றில் எதிர்பாராதது எது? பள்ளி வருடா வருடம் திறக்கும், டயர் தேயும், வரி கட்டித்தான் ஆக வேண்டும். மாதம்தோறும் வராததால் மாதக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லாமல் போயிற்று.

78ஐ 12ஆல் வகுத்தால் 6.5. ஆக உங்கள் உண்மையான மாதச் செலவு 94 இல்லை, 100.5. அந்த 6 மிச்சமே கிடையாது. மிச்சம் என்று நினைத்து அதில் பாதியை டெபாசிட்டில் போட்டீர்கள். விடுபட்ட செலவு முழுக்கக் கார்டில் ஏறியது. வருடத்தில் ஏறியது 78, நீங்கள் கட்டியது 36, பாக்கி 42, அதன்மேல் வட்டி. அந்த 45 இப்படித்தான் வந்தது.

இதற்கு மருந்து தனியாக ஒரு வருடச் செலவுக் கணக்கு. வங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, சம்பளம் வந்த மறுநாளே 6.5 அதற்குப் போகும்படி தானியங்கி ஏற்பாடு செய்யுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை வரும் எந்தச் செலவும் அதிலிருந்து மட்டும் போகட்டும். முதல் வருடத்தில் ஒரு சிக்கல் வரும். மூன்று மாதம் சேர்ந்து 19.5 இருக்கும்போதே 22க்குப் பள்ளிச் செலவு வந்து நிற்கும். அப்போது "இந்த ஏற்பாடு சரிப்படவில்லை" என்று பலர் கைவிடுகிறார்கள். குறைகிற தொகையை டெபாசிட்டிலிருந்து எடுத்துவிட்டு, மாத 6.5ஐ நிறுத்தாமல் தொடருங்கள். ஒரு சுற்று முடிந்தால் கணக்கு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும். விசேஷங்களுக்கான 20ஐ மட்டும் வீட்டில் பேசி ஒரு வரம்புக்குள் கொண்டுவரலாம். மற்றவற்றில் பெரிதாகக் குறைக்க இடமில்லை.

கார்டையும் டெபாசிட்டையும் சேர்த்துப் பாருங்கள்

டெபாசிட்டை உடைக்க மனம் வரவில்லை என்கிறீர்கள். புரிகிறது. இப்போது நடப்பதைப் பாருங்கள். உங்கள் கார்டுக்கு மாத வட்டி 3%. 45க்கு அது மாதம் 1.35, வருடத்துக்கு 16.2. டெபாசிட்டுக்கு வருட வட்டி 6%. அதே 45 அங்கே ஈட்டித் தருவது 2.7. சேமிக்கிறோம் என்ற எண்ணத்தில் வருடத்துக்கு 13.5 இழக்கிறீர்கள். கார்டுக்கு நீங்கள் கட்டும் 3இல் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போய்விடுகிறது.

குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. அபராதம் விழாது என்பது மட்டும்தான் உண்மை. பாக்கியில் 5% குறைந்தபட்சம், 3% வட்டி என்றால், ஒரு பொருள்கூடப் புதிதாக வாங்காமல் இருந்தாலும் கடன் பாதியாகவே 32 மாதம் ஆகும். அதோடு, பாக்கி நிற்கும்வரை வட்டியில்லா நாட்கள் என்ற சலுகை பொதுவாகக் கிடைக்காது. இன்று வாங்கும் பொருளுக்கு இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

ஆகவே டெபாசிட்டில் 45ஐ எடுத்துக் கார்டுக் கடனை ஒரேயடியாக அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே முறிப்பதற்கு வங்கி வட்டி விகிதத்தில் 1% குறைத்தாலும் அது வருடத்துக்கு 0.45. கார்டின் ஒரு மாத வட்டியில் மூன்றில் ஒரு பங்குதான். டெபாசிட்டைப் பகுதியாக முறிக்க வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சில வங்கிகளில் முழுவதும் முறித்துத்தான் மறுபடி போட வேண்டியிருக்கும். கார்டு நிறுவனத்திடம் "இன்றைய தேதிக்கு முழுவதும் அடைக்க எவ்வளவு" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். பழைய பில்லில் உள்ள தொகையைக் கட்டினால், பில் தேதிக்குப் பிறகு ஓடிய வட்டி அடுத்த மாதம் தலைகாட்டும். அடுத்த பில்லில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகே நிம்மதி அடையலாம்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. கையிருப்பு 45ஆகச் சுருங்கும், அது அரை மாதச் செலவுக்கும் குறைவு. மூன்று மாதச் செலவாவது ஒதுக்கில் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. அதற்கு நீங்கள் இன்னும் தூரம் போக வேண்டும். என்றாலும் 36% வட்டிக் கடனை வைத்துக்கொண்டு 6% சேமிப்பைக் காப்பதைவிட இந்த வழி பாதுகாப்பானது.

எந்தச் சிக்கனம் எவ்வளவு தரும்?

இனி மாதம் சுமார் 4 குறைத்தால் போதும். ஏற்கெனவே உள்ள 6உடன் சேர்த்து 10 ஆகும், அதில் வருடச் செலவுக்கு 6.5 போனபின் 3.5 அவசர ஒதுக்கில் சேரும். இந்த 4ஐ எங்கே தேடுவது என்பதில்தான் நீங்கள் இடம் மாறித் தேடிவிட்டீர்கள்.

சார்ஜரைப் பிடுங்குவதால் வரும் லாபம்: நல்ல தரமான புதிய சார்ஜர் சும்மா செருகியிருக்கும்போது 0.1 வாட் அளவே எடுக்கும். வருடம் முழுக்க அப்படியே கிடந்தாலும் 1 யூனிட் தேறாது. அதே சுவரில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்த பிறகும் 12 வாட் எடுக்குமானால் வருடத்துக்கு 105 யூனிட். அதை ஸ்விட்சில் அணையுங்கள், சார்ஜரை விட்டுவிடுங்கள்.

பெரிய விஷயம் வெந்நீர். ஒரு லிட்டர் தண்ணீரை 1 டிகிரி சூடாக்க 4.19 கிலோஜூல் வேண்டும், எந்த ஹீட்டராலும் இதைக் குறைக்க முடியாது. 20 லிட்டர் வாளி நீரை 15 டிகிரி ஏற்ற 0.35 யூனிட். நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 90 லிட்டர், 1.57 யூனிட். மூத்த பையன் ஐந்து நிமிடம் முன்னதாக வெளியே வந்தால், சார்ஜரில் நீங்கள் வருடம் முழுக்க மிச்சப்படுத்துவது ஒன்றிரண்டு நாளில் கிடைத்துவிடும். அவனிடம் சண்டை போடுவதற்குப் பதிலாக, நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் ஷவர் தலையை மாட்டிவிடுங்கள். குளிக்கும் நேரம் மாறாமலே மூன்றில் ஒரு பங்கு குறையும். துணி துவைக்கும் இயந்திரத்திலும் கரண்டில் பெரும்பங்கு தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. அன்றாட அழுக்குக்குக் குளிர்ந்த நீரே போதும்.

ஃப்ரிட்ஜை இரவில் அணைக்காதீர்கள். உள்ளே கசியும் வெப்பத்தை வெளியேற்றத்தான் அது ஓடுகிறது. அணைத்த நேரத்திலும் வெப்பம் கசிந்துகொண்டேதான் இருக்கும், காலையில் கம்ப்ரசர் நீண்ட நேரம் ஓடி அதை வெளியேற்றும். மிச்சம் சொற்பம். உள்ளே 5 டிகிரிக்கு மேல் போனால் சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால் அடிக்கடி திரிகிறது என்று கடிதத்தின் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுவாகவே இருக்கலாம்.

அடுப்பு விஷயம் சுருக்கமாக: தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதித்தாலும் வெப்பநிலை ஏறாது, ஆவிதான் அதிகம் போகும். குக்கரிலும் அழுத்தம் ஏறியபின் சிறு தீ போதும். மூடியைப் போட்டுச் சமையுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழுவ வேண்டிய நேரம்.

தண்ணீர்க் கசிவுக்கு ஒரு சோதனை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஓடியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிப்பறைத் தொட்டியில் சில துளி சாயம் விட்டு, தண்ணீர் திறக்காமல் அரை மணி காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துவிட்டது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் நாளைக்கு 20 லிட்டருக்குமேல் வீணாக்கும், மாற்ற வேண்டியது ஒரு வாஷர். வெந்நீர்க் குழாய் என்றால் கரண்டும் சேர்ந்து போகிறது. மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 0.6 வரை குறையலாம். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள், மொத்தமே 8தான்.

மளிகை அப்படியில்லை, 26. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே 2.6. இதற்கு வயிற்றைக் கட்ட வேண்டாம், கெட்டுப்போவதை நிறுத்தினால் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, குப்பைக்குப் போகும் ஒவ்வொன்றையும் என்ன, எவ்வளவு, ஏன் என்று எழுதுங்கள். மறந்து பின்னால் கிடந்ததா, அதிகம் சமைத்ததா, அதிகம் வாங்கியதா என்பது தெரிந்துவிடும். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. மறந்தவைக்கு, "முதலில் தீர்க்க வேண்டியவை" என்று முன்வரிசையில் ஒரு டப்பா. வாரத்தில் ஒரு நாள் அந்த டப்பாவைக் காலி செய்யும் சமையல்.

மூட்டை வாங்குவதைப் பற்றி: 10% மலிவாக வாங்கி, பத்தில் ஒரு பங்கு பூச்சி அரித்தால் லாபம் பூஜ்யம். அதற்குமேல் கெட்டால் நட்டம். கையில் நிறைய இருக்கிறது என்ற நினைப்பில் தாராளமாக அள்ளுவது வேறு. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது மூன்றும் பயன்பட்டால் 33% தள்ளுபடி, மூன்றாவது கெட்டால் தள்ளுபடியே இல்லை. சோப்பு, துணி சோப்புத்தூள் போன்றவற்றை மொத்தமாக வாங்குங்கள். எண்ணெய், பொடி வகை, கொட்டைகள் காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும் அல்லது மணம் இழக்கும், அவற்றை ஒரு மாத அளவுக்கே வாங்குங்கள். பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவாக இருப்பதில்லை. விலை மாறாமல் எடை மட்டும் குறைவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

நீங்கள் கை வைக்காத ஒன்று வீட்டுக் கடன். தவணை 24, வட்டி 9%, இன்னும் 20 வருடம் பாக்கி. புதிதாக வருபவர்களுக்கு உங்கள் வங்கி இப்போது என்ன வட்டி கேட்கிறது என்று விசாரியுங்கள். அது 8.5% என்றால் அதே வட்டியை உங்களுக்கும் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அரை சதவீதம் குறைந்தால் தவணை 3.5% குறையும், அதாவது மாதம் 0.85. ஒரு கடிதத்துக்கு இவ்வளவு பலன் தரும் வேலை உங்கள் பட்டியலில் வேறு எதுவும் இல்லை. வட்டி மாற்றக் கட்டணம் எத்தனை மாதத்தில் ஈடாகும் என்பதைக் கணக்கிட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். யாரும் பார்க்காத சந்தாக்களையும், பயன்பாட்டுக்கு மிஞ்சிய டேட்டா திட்டத்தையும் நிறுத்தினால் இன்னும் 0.5 வரும்.

செலவு செய்ய வேண்டியவை

ஒரு செலவைத் தள்ளிப்போட்டால் அது அதே அளவில் காத்திருக்குமா, வளருமா என்று கேளுங்கள். புது சோபா காத்திருக்கும். சொத்தைப் பல் காத்திருக்காது. சொத்தை மேற்பரப்பில் இருக்கும்வரை ஒரே முறை அடைத்தால் முடிந்தது. நரம்பை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை, செலவு பல மடங்கு. வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வலி வருவதற்குள் போவதுதான் மலிவு. இந்த வாரமே போங்கள்.

பிரேக்கும் அப்படித்தான். பேட் தேய்ந்து உலோகம் உரசத் தொடங்கினால் டிஸ்க்கும் கீறிப் பாழாகும், ஒன்றுக்குப் பதில் இரண்டை மாற்ற வேண்டிவரும். அதற்குமேல், பிள்ளைகளை அந்த வண்டியில்தான் பள்ளியில் விடுகிறீர்கள். வெடிப்பு விட்ட எரிவாயுக் குழாய், தேய்ந்த டயர், சூடாகும் பிளக் எல்லாம் இந்த வகை. ஹீட்டரை மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டியிருப்பதாக எழுதியிருப்பதை இன்றே நிறுத்துங்கள். 2000 வாட் எடுக்கும் கருவி அந்த வயரைச் சூடாக்கி உருக்கிவிடும்.

மருத்துவக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். கணவருக்குச் சர்க்கரை நோய், மாமியாருக்கு ரத்த அழுத்தம். இடைவெளி விழுந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் பல பாலிசிகளில் முதலிலிருந்து தொடங்கும். வயது கூடியதால் பிரீமியமும் கூடும், சில நிறுவனங்கள் சேர்க்கவே மறுக்கலாம். பிரீமியம் கனமாக இருந்தால் ஒவ்வொரு சிகிச்சையிலும் முதலில் நாமே ஏற்கும் தொகையை உயர்த்திக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். தேவையில்லாத கூடுதல் பலன்களை நீக்கலாம். கணவர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது சிக்கனமாகாது, அதை நிறுத்தச் சொல்லுங்கள். அதே மூலப்பொருள் கொண்ட மலிவான மாத்திரை உண்டா என்று மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்வதுதான் சரியான வழி.

புதிய ஃப்ரிட்ஜ்

அது கரண்டைக் குடிக்கிறது என்பதை அளக்காமல் முடிவு செய்ய வேண்டாம். பிளக்கில் மாட்டும் மின் அளவியை இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். நாளைக்கு 1.6 யூனிட் காட்டுகிறது, அதே கொள்ளளவில் புதியது 0.7 எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு மிச்சம் சுமார் 329 யூனிட். புதியதன் விலை 3,000 யூனிட் மின்சாரத்தின் விலைக்குச் சமம் என்றால், போட்ட பணம் திரும்ப 9 வருடம். அவசரப்படத் தேவையில்லை. இந்த வகுத்தலில் 3, 4 வருடம் என்று வந்தால் வாங்குவது நியாயம்.

அதற்குமுன் ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது, அதை மட்டும் மாற்றலாம். பின்பக்கச் சுருளில் படிந்த தூசியை, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு மறுபடி அளந்து முடிவெடுங்கள்.

"வட்டியில்லாத் தவணை"யில் வட்டி வேறு பெயரில் இருக்கும். ரொக்கத்துக்கு 6% தள்ளுபடி, தவணைக்கு 2% செயலாக்கக் கட்டணம், 12 தவணை என்றால், நீங்கள் உண்மையில் கொடுப்பது வருடத்துக்கு சுமார் 16% வட்டி. "ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன?" என்று கடையில் முதலில் கேளுங்கள். தவணைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

வீட்டில்

சில்லறைச் செலவு 8இல் இனி கை வைக்காதீர்கள். அதில் பெரியவர்கள் மூவருக்கும் தலா 1, மூத்த பையனுக்கு 0.5 என்று பிரித்துக் கொடுத்து, அதற்குக் கணக்குக் கேட்பதை விட்டுவிடுங்கள். உங்கள் 1க்கும் இதே விதிதான். கணவர் உங்களைக் கஞ்சம் என்பது தொகைக்காக இருக்காது, ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டியிருப்பதால்தான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றியது. இந்த 78 கணக்கை அவரிடம் காட்டுங்கள். விசேஷங்களுக்கு வரம்பு வைக்கும் பேச்சும் வங்கிக்கு எழுதும் கடிதமும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். மாமியாரின் பூஜைச் செலவை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாதம் 0.2க்கு அந்தப் பேச்சே வேண்டாம்.